ஐந்தாவது ஏன்

மூன்று பேர் என் கடை வாசலில் வந்து நின்றார்கள். கழுத்தில் அட்டை, கையில் நோட்டு. துணி மட்டும் கொண்டுவரவில்லை.

துணி இல்லாமல் தையல்கடைக்கு வருகிறவர்களை நான் நம்புவதில்லை.

கல்லூரியில் சமூகத் தொழில்முனைவு படிக்கிறார்களாம். தெருவில் ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்து, அதைத் தீர்க்க ஒரு தொழில் தொடங்க வேண்டுமாம். நல்ல கதை. நானெல்லாம் தொழிலைத் தொடங்கிய பிறகுதான் பிரச்சினையையே கண்டுபிடித்தேன்.

நோட்டு எங்கே போகும் என்று கேட்டேன். ஒரு பிரதி நகராட்சிக்கும் போகுமாம்.

அப்படிச் சொல்லு. அதிகாரி வந்தால் எங்கள் வாய் திறக்காது என்று பிள்ளைகளை அனுப்பியிருக்கிறார்கள்.

நடுவில் நின்ற பெண் மரியாதையாகத்தான் ஆரம்பித்தாள். மழை பெய்தால் இங்கே தண்ணீர் ஏன் நிற்கிறது?

சாக்கடை அடைத்துக்கொள்கிறது என்றேன். ஊருக்கே தெரிந்த விஷயம், சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது.

ஏன் அடைத்துக்கொள்கிறது?

சரியாகத் தூர் வாருவதில்லை.

ஏன்?

வருகிறார்கள், பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பாதியில் ஏன்?

ஒரு பிரச்சினையின் வேரைப் பிடிக்க ஐந்து முறை ‘ஏன்’ கேட்க வேண்டும் என்பது அவர்கள் பாடமாம். போலீஸ்காரர்கூட மூன்றோடு விட்டுவிடுவார்.

வேறு வழியில்லாமல், அவர்கள் நின்றுவிடும் இடத்தைக் காட்டினேன். என் கடைக்கு முன்னால் சாக்கடையை மூடிக் கிடந்தது சிமெண்ட் ஸ்லாப். அதன் மேல் ஒரு குடையும் ஒரு பெட்டியும். அங்கே உட்கார்ந்து பூட்டுக்குச் சாவி செய்துகொடுக்கும் சாவிக்காரருடையவை. அவர் சாப்பிடப் போயிருந்தார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், வாடிக்கையாளர் கால் வைத்து ஏறட்டும் என்று நானும் மச்சானும் சேர்ந்து போட்ட ஸ்லாப் அது. கடையோ நகராட்சியின் வாடகை அறை. போட்டது நான் என்று தெரிந்தால் மறுவாரமே காலி செய்யச் சொல்வார்கள். போன மழைக்குப் பிறகு பக்கத்துத் தெரு டீக்கடைக்கு அதுதான் நடந்தது. மிஷினைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நான் எங்கே போவேன்?

இந்த ஸ்லாப் ஏன் இங்கே வந்தது என்று கேட்டாள். அதுதான் ஐந்தாவது.

காலையில் இவர்கள் சாவிக்காரரோடு வெகுநேரம் குசுகுசுத்ததை நான் பார்த்திருந்தேன். எனக்கும் அவருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. என் படுதா அவர் பக்கம் ஓர் அடி நீண்டதில் வந்த தகராறு. ஆள் கட்டாயம் வத்தி வைத்திருப்பார்.

முந்திக்கொள்வதுதான் புத்தி.

சாவிக்காரர் தன் வசதிக்குப் போட்டுக்கொண்டது என்றேன். கொஞ்சம்கூடக் கூசவில்லை. வேண்டாம் என்று நான் எவ்வளவோ தடுத்துப் பார்த்ததாக ஒரு பிட்டையும் சேர்த்துப் போட்டேன்.

அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. பென்சிலைக் காதில் செருகிவிட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"அவரும் அதேதாண்ணா சொன்னாரு. நான்தான் போட்டேன், தையல்காரர் மேல எதுவும் எழுதிடாதீங்க, அவரு புள்ளகுட்டிக்காரரு, எனக்கென்ன ஒரு பெட்டியும் குடையும்தான, எங்க வேணா உக்காந்துக்குவேன்னாரு. ரெண்டு பேரு ஒரே மாதிரி சொன்னா பேனாவுல எழுதிடலாம்னு எங்க சார் சொல்லியிருக்காரு."

கத்திரிக்கோலைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அவ்வளவு வெட்கம்.

அவள் எழுதி முடித்து, நோட்டை என் பக்கம் திருப்பினாள். உறுதி செய்தவர் கையெழுத்து என்று ஒரு கட்டம் இருந்தது.

சாவிக்காரர் சாப்பிட்டுவிட்டு வந்தார். வழக்கம்போல என்னைப் பார்க்காமல் குடையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

நான் கையெழுத்துப் போட்டேன்.