அட்டையில் உள்ள நாடி

நெஞ்சைப் பிடித்தபடி கட்டிலில் சாய்ந்திருந்தார் நெவில். கிரிம்ஸ்பி மீன்பிடித் துறைமுகத்தில் நாற்பது வருடம் மீன்பெட்டி தூக்கிய உடம்பு. சட்டைக் காலர் வியர்வையில் ஊறிக் கிடந்தது.

"பயப்படாதீங்க, வெறும் நெஞ்செரிச்சல்தான்" என்றான் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் போட்டிருந்தவன். "வறுத்த மீனையும் சிப்ஸையும் கொஞ்ச நாளைக்கு விட்டுடுங்க."

"நிச்சயமாத்தானா தம்பி?"

அவன் பதில் சொல்வதற்குள் மணி அடித்தது. பையன் அடுத்த அறைக்கு ஓடினான். நெவில் எழுந்து உட்கார்ந்து தேநீர்க் கோப்பையை எடுத்தார்.

பரீட்சை நடந்துகொண்டிருந்தது. நாட்டில் டாக்டர் பஞ்சம் என்று மருத்துவப் படிப்பு இடங்களை ஒரேயடியாக இரட்டிப்பாக்கி, பூட்டிக் கிடந்த மீன் கிடங்கில் புதுக் கல்லூரியைத் திறந்திருந்தார்கள். மாணவர்கள் வந்துவிட்டார்கள். நோயாளியாக நடிக்க ஊர்க்காரர்களும் வந்துவிட்டார்கள்; அவர்களுக்குப் பேச வசனமும், நாடிக் கணக்கு எழுதிக் கட்டிலில் தொங்கவிட ஒரு அட்டையும் கொடுத்திருந்தார்கள். சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. அதனால் ஊரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த நாலு டாக்டர்களையும் இங்கே இழுத்துவிட்டார்கள்.

அவர்களில் ஒருவரான டாக்டர் பெல் நாலடி தள்ளி உட்கார்ந்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து தாளை விட்டுத் தலை நிமிரவில்லை.

"பத்து வருஷம் பொறுங்க நெவில். தெருவுக்கு ஒரு டாக்டர் இருப்பாங்க" என்றார் எழுதியபடியே.

"தெரு இருக்கும் டாக்டர். நான் இருக்கணுமே."

டாக்டர் பெல் சிரித்தார். நெவில் தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு இடது தோளைத் தேய்த்துக்கொண்டார்.

பதினோராவதாக ஹெட்டி வந்தாள். போன தடவை தவறியவள். இந்தத் தடவையும் தவறினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வந்ததும் நெவிலின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நாடி அட்டையில இருக்கு. எழுபத்திரண்டு, சீரா இருக்குன்னு போட்டிருக்கு பாரு" என்றார் டாக்டர் பெல்.

"அட்டையில சீரா இருக்கு டாக்டர். இவர் கையில இல்லையே. விட்டு விட்டுத் துடிக்குது." அவள் குனிந்தாள். "இடது கையும் வலிக்குதாங்க?"

"ஆமா கண்ணு. மூணு நாளா."

"நெவில், அது உங்க வசனத்துல கிடையாது!"

"மன்னிச்சுக்கங்க டாக்டர். வாய் தவறிடுச்சு."

ஹெட்டிக்கு முகம் வெளுத்தது. "இது நெஞ்செரிச்சல் இல்ல. இதயம். உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடணும்."

டாக்டர் பெல் தாளில் ஒரு முட்டையைப் போட்டார். "உனக்கு முன்னால பத்துப் பேர் வந்தாங்க. பத்துப் பேரும் நெஞ்செரிச்சல்னு சரியாச் சொல்லிட்டுப் போனாங்க. இருக்கிற அட்டையைப் படிக்கத் தெரியாதவ நோயாளியை என்னத்தப் படிக்கப் போற? பெயில். ஊருக்குக் கிளம்பு."

மணி அடித்தது. ஹெட்டியின் கண் கலங்கியது, ஆனால் பிடித்த கையை விடவில்லை.

டாக்டர் பெல் முதல்முறையாகத் தலை நிமிர்ந்து நெவிலைப் பார்த்தார். "ஆனா உங்க நடிப்பு இருக்கே, அந்த வியர்வை ஒண்ணு போதும்! அடுத்த மாசமும் வந்துடுங்க. ஆமா, நாம முன்னாடியே எங்கயோ பார்த்திருக்கோமோ?"

நெவில் ஹெட்டியிடம் திரும்பினார். "அந்த ஆம்புலன்ஸைக் கூப்பிடு கண்ணு."

பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு டாக்டர் பெல்லிடம் சொன்னார்:

"எங்க பார்த்தோம்? நான் உங்க கிளினிக் பேஷண்ட்தான் டாக்டர், உங்களைப் பார்க்க இன்னும் ஏழு வாரம் ஆகும்னாங்க."