சிவக்காத குழாய்

பட்டாணியை உறையவைத்து அனுப்பும் தொழிற்சாலையின் சோதனை அறை. வெந்நீரில் முக்கியெடுத்த பட்டாணியைச் சோதனைக்காரி நசுக்கிக் கண்ணாடிக் குழாயில் போடுகிறாள். மேலே இரண்டு மருந்துகளைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறாள். மூன்றரை நிமிடத்துக்குள் சிவந்தால் பட்டாணிக்குள் நொதி சாகவில்லை என்று பொருள். அது உறைபனியிலும் மெல்ல மெல்ல வேலைசெய்து பட்டாணியை வைக்கோலாய் நாறவைக்கும். அப்படித்தான் இரண்டு லோடு திரும்பி வந்தது. பழி முழுவதும் வெந்நீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பாய்லர்காரர் தலையில் விழுந்தது. அவர் வாசலில் நின்று, துடைத்த கையையே துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"மீட்டர் தொண்ணூத்தஞ்சு டிகிரின்னுதானே காட்டுச்சு தங்கச்சி? நான் தூங்கிட்டா இருந்தேன்?"

"மீட்டர்தாண்ணே தூங்கிருச்சு. நேத்து நானே வேற தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தேன். எழுபதுதான். அந்தச் சூட்டுக்கு நொதி அசையுமா?"

"இன்னிக்கு மீட்டரையும் மாத்தியாச்சு. இப்பவும் செவந்தா, தொட்டிக்கு வேற ஆள்தான்," என்கிறார் அவள் மேசையருகே நிற்கும் மேலாளர்.

ஜன்னல் வெயில் குழாயின் விளிம்பில் மின்னுகிறது. ஒரு நிமிடம். இரண்டு. பாய்லர்காரர் கண்ணை மூடிக்கொள்கிறார். மூன்றரை. அவள் குழாயை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறாள். சிவப்பின் சாயல்கூட இல்லை. மேலாளர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"செத்துருச்சா?"

"பூண்டோட செத்துருச்சு சார்!"

மேலாளர் தொண்டையைச் செருமுகிறார். "அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க. நீங்களே போய் லைனை ஓட்டுங்க." பாய்லர்காரர் நெஞ்சை நிமிர்த்தி நடந்துபோய்ப் பொத்தானை அழுத்துகிறார். கன்வேயர் பட்டை குலுங்கி நகர, ஆவி பறக்கும் பட்டாணி பச்சைப்பசேலென்று கொட்டத் தொடங்குகிறது.