பன்னிரண்டாவது நகல்

"இந்த அசிங்கத்த ஆலயத்து அகப்பக்கத்துல போட்டது யாரு?"

ஆலயத் தலைவர் குழந்தைவேலு மேசையைத் தட்டினார். கருகருவென்ற மீசை துடித்தது.

மலேசியாவில், லூனாஸ் பக்கத்துத் தோட்டத்து ஆலயம் அது. அவரைத் தவிரச் செயலவையில் பதினொரு பேர். பதினொரு பேர் கையிலும் ஒரு போட்டோஸ்டெட் தாள். தலைவர் எதையும் ஆதாரத்தோடு பேசுகிறவர். தம் கைப்பேசித் திரையைப் படம் பிடித்துக் கடையில் பன்னிரண்டு நகல் எடுத்திருந்தார். அடியில் 'நேரில் கண்டவர்: குழந்தைவேலு, தலைவர்' என்று கையெழுத்து. பக்கத்தில் ஆலய முத்திரை.

தாளின் மேல்பாதியில் ஆடித் திருவிழா அறிவிப்பு. கீழ்ப்பாதியில் மூன்று விளம்பரங்கள்.

'ஆண்களுக்கு மட்டும்! எல்லை தாண்டித் தாய்லாந்தின் ஹாட்யாய், இரண்டு இரவு.'

'தனிமையா? மனம்விட்டுப் பேச ஒரு தோழி.'

'அறுபதிலும் முப்பது! ஒரே வாரத்தில் மீசை கறுக்கும்.'

"அம்மா தாயே!" செயலவை உறுப்பினர் லோகேஸ்வரி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

துணைத்தலைவர் சிவநேசன் மட்டும் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார்.

"அண்ணே, ரெண்டு ராத்திரிக்கு எவ்வளவுன்னு போடலயே?"

"சிவநேசா!"

"இல்லண்ணே, விவரம் முழுசா இருக்கணும்ல."

குழந்தைவேலு ஷாமளா பக்கம் திரும்பினார். கூலிம் தொழிற்சாலையில் வேலை அவளுக்கு. மூன்று வருடமாக வேலை முடிந்து வந்து அகப்பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறாள். அதில் விளம்பரம் விடலாம் என்று சொன்னதும் அவள்தான். யாராவது விளம்பரத்தைத் தட்டினால் ஆலயத்துக்குக் கொஞ்சம் காசு வரும். அந்தக் காசில்தான் சனிக்கிழமை தோறும் ஏழு பிள்ளைகளை டியூஷனுக்கு ஏற்றிப் போகும் வேன் ஓடுகிறது.

"ஏம்மா, நாலு பேரு தட்டணுங்கிறதுக்காக அம்மன் படத்துக்குக் கீழ இதப் போடுவியா?"

"தலைவரே, நான் போடல. அது தானா வர்றது. பாக்கிறவங்க யாரோ, அவங்க எதை..."

ஷாமளா பாதியில் நிறுத்தினாள். அவள் பார்வை கையெழுத்துக்குப் போனது. அங்கிருந்து, மூன்றாவது நாற்காலியில் இருந்த தலைவர் மனைவி பிரேமாவதிக்குப் போனது.

"எதை? சொல்லும்மா, சொல்லு!"

"ஒண்ணும் இல்ல தலைவரே. என் கவனக்குறைவுதான். மன்னிச்சிருங்க."

"பாத்தீங்களா, ஒத்துக்கிட்டா!"

"விடுங்கண்ணே, நல்ல புள்ளலா அது" என்றார் சிவநேசன்.

"நல்ல புள்ள செய்யிற வேலையா இது? விளம்பரமும் வேணாம், இவளும் வேணாம்!"

"என்னைய எடுத்துருங்க" என்றாள் ஷாமளா. "விளம்பரத்த மட்டும் நிறுத்திராதீங்க. வேன் நின்னுரும்."

பத்துக் கைகள் உயர்ந்தன. அவள் நீக்கப்பட்டாள்; வேனுக்காக விளம்பரம் மட்டும் தப்பியது. பிரேமாவதியின் அண்ணன் மகன் ஜெயகுமார் அகப்பக்கத்தைப் பார்த்துக்கொள்வது என்று முடிவானது.

ஷாமளா எழுந்து ஒவ்வொருவரிடமும் தாளைத் திரும்ப வாங்கினாள். சிவநேசன் தமது நகலைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தார். அவர் எடுத்துக் கொடுக்கும்வரை கையை நீட்டியபடியே நின்றாள்.

'வெட்கம்! தடயத்தை அழிக்கப் பார்க்கிறாள்' என்று நினைத்தார் குழந்தைவேலு. விடுவாரா? தம் கையிலிருந்த பன்னிரண்டாவது நகலை வாசல் அறிவிப்புப் பலகையில் குத்தி, கண்ணாடிக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அடுத்த எட்டு நாளும் கும்பிட வந்தவர்களை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். "பாருங்க, நான்தான் கண்டுபிடிச்சேன்!"

ஒன்பதாம் நாள் அவர் அகப்பக்கத்தைத் திறந்தபோது அதே விளம்பரம் திரும்ப வந்தது. இந்த முறை ஹாட்யாய், மூன்று இரவு.

ஜெயகுமாரை வீட்டுக்கு வரச்சொல்லிப் பிடித்துக்கொண்டார். "நீயுமாடா?"

ஜெயகுமார் அதே பக்கத்தைத் தன் கைப்பேசியில் திறந்தான். மோட்டார் டயர், பந்து விளையாடும் சப்பாத்து. அடுப்படிக்குப் போய் அத்தையின் கைப்பேசியை வாங்கி வந்து திறந்தான். மிளகாய் அரைக்கும் பிளெண்டர், முழங்கால் வலித் தைலம்.

"என்னடா இது, எனக்கு மட்டும் வேற வருது?"

"பக்கம் ஒண்ணுதான் மாமா. விளம்பரம் ஆளுக்கு ஆள் மாறும். நாம எதத் தேடித் தேடிப் பாக்கிறோமோ, அதைக் கணக்கு வச்சு அதுக்கு ஏத்ததத்தான் காட்டும். அப்பத்தானே தட்டுவோம்?"

குழந்தைவேலு அடுப்படிப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டார். குரல் தாழ்ந்தது.

"தப்பா வேற ஆளோடது வந்துராதா?"

"உங்க ஹென்போன வேற யாராச்சும் எடுப்பாங்களா மாமா?"

குழந்தைவேலு கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அந்த ஷாமளாவுக்கு இது... தெரியுமா?"

"எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அக்காதான்." ஜெயகுமார் பையிலிருந்து பழுப்பு உறை ஒன்றை எடுத்தான். "மாமாவே கேட்டா மட்டும் கொடு, பக்கத்துல யாரும் இல்லாதப்ப கொடுன்னாங்க. உள்ள என்னன்னு எனக்குத் தெரியாது."

குழந்தைவேலு திரும்பி நின்று பிரித்தார். போட்டோஸ்டெட் தாள்கள். விரலை எச்சில் தொட்டு எண்ணினார். பதினொன்று. ஒன்றுகூட வெளியே போகவில்லை. அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

கடைசித் தாளின் பின்பக்கத்தில் ஷாமளா பென்சிலால் எழுதியிருந்தாள்:

'இன்னொன்று பலகையில் இருக்கிறது தலைவரே. சாவி உங்களிடம்தான்.'