ஜன்னல் சந்து

“யாரைக் கேட்டு ஏத்தினீங்க?” திரையை விலக்கித் தலையை நீட்டிக் கிசுகிசுத்தாள் சகிலா.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஃபரூக் திரும்பவில்லை. “பஸ் வர்லையாம். ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் புளி எடுத்துக்கினு போறாங்க. இந்தக் காலங்காத்தால குளுர்ல எப்பிடி வுட்டுட்டுப் போறது?”

“உள்ள கொழந்த தூங்குது. கழுத்துல ரெண்டு சவரன் கீது.”

“அதான் நீ கீறியே, பாத்துக்க.”

பார்த்துக்கொண்டாள். கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டாள்.

பழைய வேன் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, அலமாரி வைத்து வீடாகவே மாற்றியிருந்தான் ஃபரூக். வாணியம்பாடியிலிருந்து ஜவ்வாது மலைக்கு இதுதான் முதல் பயணம். ஆறு வயது காஷிஃபாவுக்குக் குளிர் பட்டால் இளைப்பு வந்துவிடும். அதனால் டேனரியிலிருந்து கொண்டுவந்த தோல் துண்டுகளைப் பட்டை பட்டையாக வெட்டி, ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாவற்றையும் அடைத்திருந்தான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கனத்த கம்பளித் திரை. கண்ணாடியில் பனி படியாமலிருக்கத் தன் பக்கத்தை மட்டும் இரண்டு விரல் இறக்கி வைத்திருந்தான்.

கட்டிலுக்கடியில் பிரியாணிப் பாத்திரம், பெரிய தேக்சா. கீழேயும் மூடிமேலேயும் கரி கனிந்துகொண்டிருக்க, தம்மில் இருந்தது. மதியம்வரை சோறும் சூடு, வண்டியும் சூடு. இது சகிலாவின் யோசனை. அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

ஏறிய பெண் பெயர் பச்சையம்மா. புளி மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு வண்டிக்குள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“உள்ள கதகதன்னு கீதே பாயம்மா. நெருப்பு ஏதாச்சும் வச்சிக்கினு கீறீங்களா?”

வந்ததும் வராததுமாக என்ன விசாரணை!

“எங்க வண்டியில இன்னா கீதுன்னு உனக்கு இன்னாத்துக்கு?”

பச்சையம்மாவின் பார்வை காஷிஃபாமேலேயே இருந்தது. எதன்மேல் என்று சகிலாவுக்குத் தெரியாதா?

“பாப்பா ரொம்ப நேரமா தூங்குதா?”

“ஆமா.”

“எழுப்பினா எழுந்துக்குமா?”

திருடி கேட்கிற கேள்விதான்.

“லேசா தொட்டாலே எழுந்துப்பா” என்று அழுத்திச் சொன்னாள் சகிலா. நகர்ந்து உட்கார்ந்து, மகள் கழுத்தில் சங்கிலி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். இருந்தது. காஷிஃபா அசையவில்லை.

வளைவுக்கு வளைவு சகிலாவுக்குத் தலை கனத்தது. நெற்றி விண்விண்ணென்று தெறித்தது. மலை ஏறினால் அப்படித்தான், போதாக்குறைக்கு அந்தப் புளி வாடை வேறு.

“பாயம்மா, ஜன்னல ஒரு விரக்கடை தொறங்களேன். தல சுத்துது.”

“கொழந்தைக்குக் குளுரு ஆவாது.”

“கொஞ்சூண்டு போதும்.”

“ஆவாதுன்னா ஆவாது!”

பிறந்ததிலிருந்து மலையில் இருக்கிறவளுக்குத் தலை சுற்றுகிறதாம்! ஜன்னல் எதற்கு, யாருக்குச் சைகை காட்ட? அடுத்த வளைவில் ஆள் நிற்கிறானோ என்னவோ. சகிலா மறுபடியும் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தாள்.

கண் சொக்கிக்கொண்டு வந்தது. ஒரு நிமிஷம்தான் அசந்திருப்பாள். விழித்தபோது பச்சையம்மா குழந்தையின்மேல் குனிந்திருந்தாள். கை கழுத்தருகே இருந்தது.

“ஏய்! எடு கைய!”

பச்சையம்மா கையை எடுத்தாள். இடுப்பிலிருந்து புளி ஆயும் கத்தியை உருவினாள்.

சகிலாவால் எழுந்திருக்க முடியவில்லை. காலில் பலமே இல்லை.

“ஏங்க! கத்தி! கத்தி வச்சிக்கினு கீறா!”

வண்டி நிற்பதற்குள் ஜன்னலில் ஒட்டிய தோல் பட்டையைச் சரக்கென்று கிழித்துக் கண்ணாடியைத் தள்ளிவிட்டாள் பச்சையம்மா. ஃபரூக் ஓடிவந்து பின்கதவைத் திறந்ததும், காஷிஃபாவைத் தோளில் போட்டுக்கொண்டு, அவனை இடித்துத் தள்ளிக் கீழே குதித்தாள்.

“புடிங்க! கொழந்தைய தூக்கிக்கினு ஓடுறா!”

அவள் ஓடவில்லை. பத்தடி தள்ளிப் பனி நனைத்த புல்லில் குழந்தையைக் கிடத்தி, முதுகைத் தேய்த்தாள், கன்னத்தைத் தட்டினாள். “பாப்பா! ஏ பாப்பா!”

அவள் கையைப் பிடித்து இழுக்கப் போன ஃபரூக், மகளின் தலை துவண்டு கிடப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

சகிலா தள்ளாடி இறங்கி வந்தாள். குளிர்காற்று முகத்தில் அடித்தது.

காஷிஃபா இருமினாள். வாந்தி எடுத்தாள். பிறகு, “அம்மீ...” என்று அழுதாள்.

“இப்பவாச்சும் சொல்லு. உள்ள கரி கீதா?” என்றாள் பச்சையம்மா.

“பிரியாணி... தம்முல...” சகிலாவுக்கு நாக்கு குழறியது.

“எல்லாத்தையும் அடச்சிட்டு உள்ள கரிய வைப்பாங்களா? கரி நெருப்பு பொகையாது, நாறாது. தூங்கறவங்கள அப்பிடியே அமுக்கிடும். எங்க வூட்ல குளுருக்குக் கரி போட்டா, கதவு சாத்திக்காம நடுவுல ஒரு கட்டைய குடுத்து வச்சிட்டுத்தான் படுப்போம்.”

ஃபரூக் தேக்சாவை இழுத்து இறக்கிக் கரியை ரோட்டில் கொட்டினான். ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டான். “ஏறுங்க, ஏறுங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

சகிலா மகளை மார்போடு சேர்த்துக்கொண்டாள். பழக்கத்தில் கை கழுத்துக்குப் போனது. சங்கிலி அங்கேதான் இருந்தது. அவமானத்தில் முகம் எரிந்தது.

“நான்... நீ சங்கிலிக்குத்தான்னு...”

“வாட்டிக்கு வாட்டி சங்கிலி கீதான்னு தொட்டுத் தொட்டுப் பாத்தியே பாயம்மா” என்றாள் பச்சையம்மா. “ஒரு வாட்டி மூக்குல கை வச்சி, மூச்சு கீதான்னு பாத்தியா?”