தாண்டவராயன் சிப்பாய் வீடு

"இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க கண்ணுங்களா. திண்டிவனத்துப் பாஞ்சாலி ஒரு ஆளைச் சரியா மோப்பம் பிடிச்ச கதையைச் சொல்றேன்."

பாஞ்சாலி வீட்டுக்கு வந்தவர் பெயர் தென்னரசு. விழுப்புரத்துக்காரர். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்துப் புதுச்சேரி நகரப் போலீசைப் பற்றிப் புத்தகம் எழுதுவதாகச் சொன்னார். சிவப்புக் குல்லாய் போட்ட அந்தப் பழைய போலீசில் தாண்டவராயன் என்றொரு சிப்பாய் இருந்தாராம். அவருடைய வாரிசுகளைத் தேடுகிறாராம்.

தாண்டவராயன் பாஞ்சாலி புருஷனின் தாத்தா. மகள் வேணிக்கு விழுப்புரத்தில் நல்ல சம்பந்தம் கூடிவரும் நேரம். மாப்பிள்ளையின் பாட்டனார் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துக் கொடி பிடித்து, அந்தக் குல்லாய்க்காரர்களிடமே அடிபட்டவர். தரகர் பெரியதம்பி இதைச் சொன்ன அன்றைக்கே, சுவரில் இருந்த தாத்தா படத்தைக் கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள்.

நிச்சயத்துக்கு முன்னால் வேறு சாக்கில் ஆளனுப்பிக் குடும்பத்தை விசாரிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். புத்தகம் எழுதுகிறவர் பேனாவைக்கூட எடுக்கவில்லை. யாரும் சொல்லாமலே வேணியின் பெயர் அவர் வாயில் வந்தது. பாஞ்சாலி முடிவு கட்டிவிட்டாள்.

மோரைக் கொடுத்துவிட்டு, தலைமுறை தலைமுறையாக நிலத்தில் மல்லாட்டைக் கடலை போட்டுப் பிழைத்த குடும்பம் இது, போலீசு வாடையே கிடையாது என்றாள்.

"தெருமுனையில கேட்டேங்க. போலீசுக்காரர் வூடுன்னு இதைத்தான் காட்டுனாங்க."

"பொறுக்காதவங்க எதையாவது சொல்லிக்கினுதான் இருப்பாங்க. எங்க வூட்டுக்காரருக்குக் காக்கிச் சட்டையக் கண்டாலே ஜுரம் வந்துடும்."

"நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா. தாண்டவராயன் உங்க ஆளு இல்லீங்களா?"

"மலையனூர் அங்காளம்மா மேல சத்தியம். அந்தப் பேர்ல எங்க வம்சத்துலயே யாரும் இல்ல."

அவர் முகம் வாடிப்போயிற்று. பாதி மோரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். வேவு பார்க்க வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிய தெம்பில், பாஞ்சாலி மகளுக்குப் பிடித்த பஜ்ஜிக்கு மாவு கரைத்தாள்.

சாயங்காலம் பெரியதம்பி போன் செய்தார். வந்தவர் மாப்பிள்ளையின் சித்தப்பாவாம்.

"எனக்கு அப்பவே தெரியும்ண்ணே" என்றாள் பாஞ்சாலி.

"இன்னா தெரியும் உனக்கு? எனக்கே இப்பதான் சொல்றாங்க. லாக்கப்புல சாவக் கிடந்த அவங்க பாட்டனைப் பின்கதவைத் தொறந்து தப்பிக்க வுட்டவரே அந்தத் தாண்டவராயன் சிப்பாய்தானாம். விஷயத்தைச் சொன்னா எல்லாருமே ஆமாம்பாங்கன்னு மறைச்சுக் கேட்டிருக்காங்க. அந்த வூட்டுப் பொண்ணைத்தான் கட்டணும்னு இத்தினி வருஷமா தேடிக்கினு இருந்தாங்கம்மா. நீ சத்தியம் பண்ணதும், வூடு மாறி வந்துட்டோம்னு போயிட்டாங்க."

"உங்க வாசலுக்கு நல்லதைத் தேடி வர்றவங்க நிறைஞ்ச மனசோட திரும்பட்டும், கண்ணுங்களா. உங்க குடும்பம் தழைச்சு நிக்கட்டும்."