எலுமிச்சைக்கு வந்த கோபம்

மொட்டை மாடித் தொட்டியில் நின்ற எலுமிச்சைக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. வீட்டுக்காரி கோமளம் கீரைக்குப் போடும் யூரியாவையே அதன் வேரிலும் அள்ளி அள்ளிக் கொட்டினாள். இலை மட்டும் காடாக மண்டியது. பெயருக்கு ஒரு பூ இல்லை.

"உனக்கென்ன குறைச்சல்? தளதளன்னுதானே இருக்கே," என்றது பக்கத்துத் தொட்டிக் கறிவேப்பிலை.

"இலையையா ஊறுகாய் போடப்போறா? பூக்கிறதுக்கு ஒரு பிடி சாம்பல் கேட்குது என் வேர். கீரையும் நானும் ஒண்ணுன்னு நினைச்சுட்டா இவ!" என்று சீறியது எலுமிச்சை.

அன்றைக்கே கோமளம் கடையில் வாங்கிய எலுமிச்சம்பழங்களை நறுக்கி, உப்புப் போட்டு, அதன் கண்ணெதிரிலேயே காயவைத்தாள்.

"இத்தனை போட்டும் காய்க்காத மலடு! இனி உனக்கு ஒண்ணும் கிடையாது," என்று திட்டிவிட்டுப் போனாள்.

எலுமிச்சைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் சொன்னபடி யூரியா நின்றது. அடுத்து வந்த மழை தொட்டி மண்ணைக் கழுவிவிட்டது. கொஞ்ச நாளில் எலுமிச்சை கிளை கொள்ளாமல் பூத்தது.

கோமளம் ஓடிவந்தாள். "பார்த்தியா, எல்லாம் நான் போட்ட யூரியாதான்!" என்று இரண்டு கையும் நிறைய அதையே அள்ளிக்கொண்டு குனிந்தாள்.

தன்னுடைய நீளமான முள் எந்தப் பக்கம் இருக்கிறதென்று எலுமிச்சை பார்த்துக்கொண்டது.