வரிக்குடி

ரோஸ்லின், தோழி என்று நம்பி உன்னிடம் சொல்கிறேன், யாரிடமும் சொல்லிவிடாதே. எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்த நாட்டின் வரிக்குடி, அதாவது வரி கட்டி நிரந்தரமாகத் தங்கும் குடி, ஆக வேண்டுமென்றால், சொந்த ஊருக்குத் திரும்பும் எண்ணமே இருக்கக்கூடாது. நாம் பேசிய பேச்சைக் கேட்டு இயந்திரம்தான் முடிவு சொல்லும். இன்று அப்பாவுக்கு விசாரணை. தோற்றால் இங்கே இருக்க முடியாது.

அம்மாவைத் தூத்துக்குடியில் தனியாக விட்டுவிட்டு, இங்கே வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறவர் அவர். அதனால்தான் நாங்கள் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் எடுத்த வீடியோவை அந்த இயந்திரத்துக்கு ரகசியமாக அனுப்பிவைத்தேன். அதில், அழுகிற அம்மாவிடம் அப்பா, "போயிட்டு வரேன், மெர்சி" என்கிறார்.

"திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள்," என்றது இயந்திரம்.

"ஐயோ, அது சும்மா சொல்றதுங்க! போறேன்னு மட்டும் சொன்னா நல்லதில்ல. எங்க ஊர்ல கடைக்குப் போறவன்கூட அப்படித்தான் சொல்லுவான்."

"கடைக்குப் போனவர் திரும்பி வருவாரா?"

"வருவாரு..."

மனு தள்ளுபடியானது.

வீட்டுக்கு வந்ததும், "எந்தப் பாவி அனுப்புனான்னு தெரியல," என்று அப்பா கத்தினார். பிறகு குரல் தணிந்தது. "நான் போன் பண்ணினா அம்மா எடுக்க மாட்டா. நான் வர்றேன்னு நீயே சொல்லும்மா."

எண்ணை அழுத்தாமலே போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அம்மா, அப்பா வர்றாராம்," என்றேன்.

"யாருன்னு கேக்குறாங்கப்பா," என்றேன்.